மின்கோபுரம், சாயக்கழிவு, காற்றாலை: கொங்கு நாட்டுக் கேள்விகளும் பதில்களும்

மின்சாரத் திட்டங்கள், சுற்றுச்சூழல் அனுமதிகள் ஆகியவை தொடர்பான ஆட்சேபணை மனுக்களைத் தயாரிப்பதில் உழவர்களுக்கும் தறிக்காரர்களுக்கும் நெடுநாளாக உதவிவரும் ஒருவர், கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (காங்கேயம்): வணக்கம் ஐயா. எங்கள் தென்னந்தோப்பின் குறுக்கே உயர் அழுத்த மின்பாதைக்காக அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். நில உரிமையாளரின் சம்மதமே தேவையில்லை என்கிறார்கள். இது உண்மையா? கேரளத்தில் மட்டும் பூமிக்கடியில் கொண்டுபோனது எப்படி?

பதில்: வணக்கம். சம்மதம் தேவையில்லை என்பது சட்டப்படி பெரும்பாலும் சரிதான். ஆனால், அதனால் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1885 ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்த அதிகாரத்தை மின்பாதை அமைக்கும் நிறுவனத்துக்கு வழங்க, 2003 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் 164 ஆம் பிரிவு இடமளிக்கிறது. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், பட்டாவும் மாறாது. உரிமையாளர் தடுத்தால் நிறுவனம் மாவட்ட ஆட்சியரின் உத்தரவைப் பெறலாம். இழப்பீடு போதவில்லை என்றால் நீங்கள் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

இழப்பீட்டில் மக்களின் எதிர்ப்புக்கு உண்மையாகவே பலன் கிடைத்திருக்கிறது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடு, கம்பி செல்லும் பாதைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு என்று 2015 ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் கூறியது. 2024 ஜூன் மாத வழிகாட்டுதல் அவற்றை முறையே 200, 30 விழுக்காடாக உயர்த்தியது. இவை வழிகாட்டுதல்களே என்பதால், உங்கள் மின்பாதைக்குப் பொருந்தும் மாநில அரசாணை எது என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அதைவிட முக்கியமானது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் கிராமக் கணக்கான அடங்கல். தோப்பு நிற்கும் நிலம் அடங்கலில் தரிசு என்றிருந்தால், மரத்துக்கான இழப்பீட்டைக் கேட்கும்போது அந்த ஒரு சொல்லே உங்களுக்கு எதிராக நிற்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே சரிபாருங்கள். மரம் வெட்டுவதற்கு முன், நேரில் பார்த்து எழுதும் மகஜரில் ஒவ்வொரு தென்னையின் வயதும் காய்ப்பும் பதிவாகட்டும். நகலைக் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

புதைவடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் மின்பாதை நேர்திசை (டி.சி.) மின்சாரத்தைக் கொண்டுசெல்வது. அதில் கேரளத்துக்குள் ஒரு பகுதி புதைவடமாகவே அமைந்தது. மாறுதிசை (ஏ.சி.) மின்சாரத்தை மிக உயர்ந்த அழுத்தத்தில் நெடுந்தூரம் புதைவடத்தில் அனுப்புவது பெரும் தொழில்நுட்பச் சிக்கல். நேர்திசையில் அந்தத் தடை இல்லை, செலவுதான் கூடும். ஆகவே, உங்கள் தோப்பின் வழியே வருவது எந்த வகை என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். நேர்திசை என்றால், அண்டை மாநிலத்தில் செய்ததை இங்கே ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (ஈரோடு): மாநில அரசே நம் பக்கம் நின்றால் இத்தகைய திட்டங்களை நிறுத்திவிட முடியாதா?

பதில்: எல்லா நேரத்திலும் முடிவதில்லை. ஒன்றிய அரசு நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே திட்டமிடப்பட்டபோது, 2013-இல் தமிழ்நாடு அரசு உழவர்களின் கருத்தை ஏற்று, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லும்படி கூறியது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிறுவனத்துக்கே சாதகமாக அமைந்தது. ஒன்றியச் சட்டத்தின் கீழ் வரும் திட்டத்தில், பாதை முடிவாவதற்கு முன் எழுப்பும் ஆட்சேபணைக்கு உள்ள வலு பின்னர் இருப்பதில்லை.

கேள்வி (பல்லடம்): கல்குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஊரே திரண்டு போனோம். பிறகு அனுமதி கிடைத்துவிட்டது. இனி அக்கூட்டங்களுக்குப் போவதில் பொருள் உண்டா?

பதில்: உண்டு. 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். ஆட்சியரோ அவர் நியமிக்கும் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அலுவலரோ தலைமையேற்க வேண்டும். நிகழ்வு முழுவதும் ஒளிப்பதிவாக வேண்டும். அங்கே வாக்கெடுப்பு நடப்பதில்லை. எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பது முடிவைத் தீர்மானிக்காது. என்ன ஆட்சேபணை பதிவாயிற்று, அதற்கு நிறுவனம் என்ன பதில் தந்தது என்பதையே மதிப்பீட்டுக் குழு பார்க்கிறது. "குவாரி வேண்டாம்" என்ற ஒரே வாசகத்தில் இருநூறு பேர் கையெழுத்திட்டால் அது ஒரே ஆட்சேபணைதான். தன் புல எண், கிணற்றின் ஆழம், குவாரி எல்லையிலிருந்து அதன் தொலைவு, கல்தூசி படிந்த மல்பெரி இலையைப் பட்டுப்புழு தின்பதில்லை என்ற விவரம் ஆகியவற்றை ஒருவர் எழுதிக் கொடுத்தால், அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எழுகிறது.

கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்களின் மொழியில் வாசித்து விளக்க வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் உள்ளது. நம் மக்கள் பேசி முடித்த சூட்டோடு எழுந்து வந்துவிடுகிறார்கள். வாசிக்கும் வரை அமர்ந்திருங்கள். விடுபட்டதை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். அனுமதி கிடைத்த பிறகு, சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள்.

கேள்வி (தாராபுரம்): எங்கள் பகுதியில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சூரிய மின் நிறுவனங்கள் வாங்குகின்றன. புகையில்லாத மின்சாரத்தை எதிர்ப்பது தவறாகுமா?

பதில்: தவறாகாது. ஏற்கெனவே சொன்ன கருத்துக்கேட்பு, சூரிய மின் திட்டத்துக்கும் காற்றாலைக்கும் கிடையாது என்பதால் இங்கே கூடுதல் விழிப்புத் தேவை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, தாராபுரம் பகுதிகளில் மே முதல் செப்டம்பர் வரை தரும் மின்சாரத்தை நான் மனதார வரவேற்கிறேன். நம் நூற்பாலைகள் பலவும் அதைக்கொண்டே ஓடுகின்றன. காற்றாலை ஊன்றிய காட்டில் மாடு மேயலாம். சூரியத் தகடுகளுக்கோ நிலத்தை மட்டமாக்கி, மரங்களை அகற்றி, சுற்றிலும் கம்பி வேலியிடுகிறார்கள். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்த கொறங்காடு, காங்கேயம் மாட்டினத்தை மழை குறைந்த ஆண்டுகளிலும் காத்துவந்த மேய்ச்சல் நிலம். ஆவணத்தில் புன்செய் என்றோ தரிசு என்றோ இருப்பதால் அதைப் பயனற்ற நிலமாகக் கருதுவது பெரும் அநீதி. சூரியத் தகடுகளை வைக்க ஆலைக் கூரைகளுக்கு முன்னுரிமை கொடுத்து, கொறங்காட்டை மேய்ச்சல் நிலமாக அரசு அறிவிக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அத்தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் வழக்கென்று வரும்போது அதைவிட நல்ல ஆவணம் வேறு கிடைப்பது அரிது.

கேள்வி (திருப்பூர்): நொய்யல் ஆற்றைக் காத்தது மக்கள் கருத்தா, நீதிமன்றமா?

பதில்: இரண்டையும் பிரிக்க முடியாது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே கிணறுகள் கெட்டன. பாசன உழவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் அனைத்துச் சாயப்பட்டறைகளையும் மூடும்படி உத்தரவிட்டது. வேலை இழந்த தொழிலாளர்களின் துயரமும் அந்த ஆண்டின் உண்மைதான். பின்னர் மாநில அரசு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வழங்கியது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று மின்சாரம். கழிவுநீரைச் சவ்வு வழியே அழுத்தி, எஞ்சியதை ஆவியாக்கி, உப்பைப் பிரிப்பதற்கு மிகுந்த மின்சாரமும் வெப்பமும் தேவை. மின்கட்டணம் உயரும்போதெல்லாம் இரவில் கழிவைத் திறந்துவிடும் ஆசை எங்கேனும் ஓரிடத்தில் தலைதூக்கும். ஆற்றைக் காக்க விரும்பும் அரசு, சுத்திகரிப்பு நிலையங்களுக்கான மின்கட்டணத்தையும் அதே கோப்பில் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி (சோமனூர்): மின்கட்டணத்தைப் பற்றி விசைத்தறிக்காரர்கள் எங்கே பேசுவது?

பதில்: மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் எழுத்திலும், அரசிடம் நேரிலும். 2022 ஆகஸ்டில் ஆணையம் கோவையிலேயே கருத்துக்கேட்பு நடத்தியது. ஆயினும் செப்டம்பர் 10 முதல் கட்டணம் உயர்ந்தது. தறிகளுக்கான இலவச மின்சாரம் 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக 2023 மார்ச் முதல் உயர்ந்தது அரசின் கொள்கை முடிவு. கட்டணத்தை ஆணையம் நிர்ணயிக்கிறது, மானியத்தை அரசு தருகிறது. கோரிக்கையைப் பிரித்து, உரிய இடத்தில் கொடுங்கள்.

கேள்வி (அரச்சலூர்): கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதில் உழவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறோம். அரசு யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

பதில்: 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு. கடைமடைக்காரர் தண்ணீர் வந்து சேரவில்லை என்கிறார். கசிவுநீரால் கிணறு ஊறும் ஊர்க்காரர் அது நின்றுபோகும் என்கிறார். இருவரும் உண்மையையே சொல்கிறார்கள். எந்தப் பக்கம் கூட்டம் பெரிது என்று பார்த்து இதைத் தீர்ப்பது முறையாகாது. மதகு வாரியாக எவ்வளவு நீர் இறங்குகிறது, எந்த மைலில் எவ்வளவு கசிகிறது, அக்கசிவால் எத்தனை கிணறுகளும் குடிநீர்த் திட்டங்களும் பிழைக்கின்றன என்று அளந்து, அந்தக் கணக்கை இரு தரப்புக்கும் தமிழில் வெளியிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். கரை உடையும் இடங்களைப் பலப்படுத்துவதில் எவருக்கும் மறுப்பில்லை. வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.

கேள்வி (அவிநாசி): இலவச மின்சாரத்தை விட்டுவிட்டுச் சூரிய மின் பம்புக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

பதில்: இலவச மின்சாரம் எளிதில் வந்ததன்று. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-இல் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் இயக்கம் வளர்ந்து, 1990 வாக்கில் எல்லா உழவர்களுக்கும் இலவசம் கிடைத்தது. ஆகவே இணைப்பை விட்டுக்கொடுக்கும்படி எதில் எழுதியிருந்தாலும் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். மானியம் 60 விழுக்காடு என்பது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் திட்டத்தில் கிடைக்கும் பம்பின் குதிரைத்திறனுக்கு வரம்பு உண்டு. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றுக்கு அது போதுமா என்பது நீர்மட்டத்தைப் பொறுத்தது. சித்திரை மாதத்தில் உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, அந்த அளவோடு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்குச் சென்று கேட்ட பிறகு விண்ணப்பியுங்கள்.