பாட்டியின் கால்மிதித் தையல் மெஷினுக்கு எந்த பெல்ட் வாங்குவது: தோலா, ரப்பரா, பிளாஸ்டிக்கா?

பாட்டி விட்டுச்சென்ற கால்மிதித் தையல் மெஷினில் பெல்ட் அறுந்துவிட்டது, கடையில் மூன்று வகையைக் காட்டுகிறார்கள், எதை எவ்வளவு நீளத்தில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மெஷினின் பெயரை எழுதவில்லை. இரும்புக் கால், மரப்பலகையில் இரண்டு துளை, அவற்றின் வழியாக ஏறி இறங்கும் உருண்டையான பெல்ட் என்று நானாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அப்படியானால் தோல் பெல்ட்டையே வாங்குங்கள். 3/16 அங்குலத் தடிமன், அதாவது ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பெரும்பாலும் 72 அங்குல நீளத்தில், ஒரு கம்பிக் கொக்கியோடு சேர்த்து விற்பார்கள். நம் மெஷினுக்கு வேண்டிய அளவை நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். அந்த வெட்டில்தான் நான் கோட்டை விட்டேன்.

நான் மெக்கானிக் இல்லை. செங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைப்பவள். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்பு மலையாள நாட்டோடு இருந்தது. அந்தக் காலத்தில் என் மாமியாரின் தந்தை புனலூரில் வாங்கி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த சிங்கர் மெஷின்தான் இன்றும் என்னிடம் ஓடுகிறது. அதன்மேல் பொறித்த எண் ‘ஈ’ (E) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால், அது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் செய்யப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்து ஓணத்துக்கான ஜாக்கெட்டுகள் வந்து குவிந்திருந்த நேரத்தில், மிதித்தால் கீழே பெரிய சக்கரம் சுற்றுகிறது, மடிப்பு சேர்ந்த கனமான இடத்தில் மட்டும் ஊசி நின்றுவிடுகிறது. பெல்ட் தளர்ந்துவிட்டது என்பது தெரிந்தது. கொக்கியைப் பிரித்து ஒரு விரற்கடை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினேன். அத்தை திண்ணையிலிருந்து, “வெட்டாத பிள்ளே, வெயில் வந்தா அதுவே சுருங்கும்” என்றார்கள். எண்பதை நெருங்கியவர் சொல்வதை யார் கேட்கிறார்கள்? நான்கு நாளில் பெல்ட் மறுபடி வழுக்கவே, இன்னொரு விரற்கடையும் போயிற்று.

புரட்டாசியில் நல்ல வெயில் அடித்தது. மிதி கனக்கத் தொடங்கியது. எண்ணெய் காய்ந்திருக்கும் என்று நினைத்து மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன், புதிய எண்ணெய் விட்டேன், முழங்கால் வலிக்க வலிக்க மிதித்தேன். ஒரு மதியம் கொக்கி தோலைக் கிழித்துக்கொண்டு ‘படீர்’ என்று தெறித்தது. ஈரத்தில் நீண்டிருந்த தோலை வெட்டிவிட்டேன். உலர்ந்ததும் அது தன் இயல்பான அளவுக்குத் திரும்பியபோது, அந்த அளவில் இரண்டு விரற்கடை இல்லை. தோல் ஈரத்தில் தளரும், காய்ந்தால் இறுகும் என்பது ஊருக்கே தெரிந்த செய்திதான். மெஷின் பெல்ட்டும் தோல்தான் என்பது எனக்கு அந்த மதியம்தான் உறைத்தது.

அதோடு முடியவில்லை. அறுந்த பெல்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைப் பக்கத்தில் வைத்து அளந்தே ஒரு பிளாஸ்டிக் பெல்ட்டை வெட்டிக் கொடுத்தார். “ஆயுசுக்கும் கவலை இல்லை” என்றார். நான் குறைத்த அளவு அப்படியே புதியதற்கும் வந்து சேர்ந்தது. பிறகு ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். வந்தவர் முதல் வேலையாக பெல்ட்டைக் கழற்றிப் போட்டார். ஒற்றை விரலால் கைச்சக்கரத்தைத் தள்ளினார். அது இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. “மெஷினுக்கு ஒரு குழப்பமுமில்ல சேச்சி” என்று சிரித்தார். இரண்டு வாரம் நான் மெஷினைக் கழுவியதெல்லாம் வீண்.

ஆகவே, பழைய பெல்ட்டை வைத்துப் புதியதை அளக்காதீர்கள். அது நீண்டிருக்கும், அல்லது என்னைப் போல யாரோ வெட்டியிருப்பார்கள். நீளாத கட்டுநூல் ஒன்றை எடுத்து, கீழ்ச்சக்கரத்தின் பள்ளத்தில் சுற்றி, இரண்டு துளைகள் வழியாக மேலே கொண்டுவந்து, கைச்சக்கரத்தின் பள்ளத்தில் படியவைத்து, தொய்வில்லாமல், ஆனால் இழுக்காமல் பிடித்து அளவெடுங்கள். அந்த அளவுக்கே வெட்டுங்கள். முனையிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி, கொக்கிக் கம்பி நுழையும் அளவுக்கு மட்டும் மெல்லிய குத்தூசியால் துளையிடுங்கள். துளை பெரிதானால் அங்கேதான் முதலில் கிழியும். கொக்கியைக் குறட்டால் நன்றாக அமுக்கிவிடாவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக், டக்’ என்று சக்கரத்தில் இடித்துக்கொண்டே இருக்கும். பலகைக்கும் கைச்சக்கரத்துக்கும் நடுவில் விரலால் அழுத்தினால் பெல்ட் அரை அங்குலமாவது உள்ளே போக வேண்டும். புதுத் தோல் கொஞ்சம் நீளும் என்பதால் இரண்டு நாள் தைத்துப் பார்த்து, வழுக்கினால் மட்டும் சிறிது குறையுங்கள். மழைக்காலமாக இருந்தால் அதையும் செய்யாமல் பொறுத்திருங்கள்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள திருகை, பாபினில் (அடிநூல் உருளையில்) நூல் சுற்றுவதற்காகத் தளர்த்திவிட்டு இறுக்க மறந்தாலும் சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. பழியெல்லாம் பெல்ட் மேல் விழும்.

பிளாஸ்டிக் பெல்ட்டில் பல வருடம் தைப்பதாக எழுதப்போகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. சரியான நீளத்தில் போட்டிருந்தால் எனக்கும் ஓடியிருக்கலாம். தோலை வீட்டுக்குள் வைக்க மனமில்லாதவர்களுக்கும் அதுதான் வழி. ஆனால் என்னிடம் இருந்தது பள்ளத்தைப் பிடிக்காமல் கிறீச்சிட்டது, கோடையில் விறைத்தும் போனது. தோல் விறைத்தால் அத்தை ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தேய்த்துவிடுவார்கள். மெஷின் எண்ணெய் மட்டும் அதன்மேல் படக் கூடாது, வழுக்கும்.

உங்கள் மெஷினில் பக்கவாட்டில் மோட்டார் இருந்தால் கதை வேறு. அதற்கு V வடிவ ரப்பர் பெல்ட் வேண்டும். மோட்டாரைத் தாங்கும் இரும்புத் துண்டின் நீள்துளையில் திருகை நடுவில் நிறுத்தி, அங்கும் நூலால்தான் அளக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் மோட்டார் சுடும், அதன் அச்சைத் தாங்கும் புஷ் தேயும். சிங்கர் 201 வகையில் சிலவற்றுக்கு மோட்டார் பல்சக்கரத்தோடு நேராக இணைந்திருப்பதால் பெல்ட்டே கிடையாது.

ஒரு சின்னத் தோல் விவகாரத்துக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். பெல்ட் அறுந்த மெஷினை ‘ரிப்பேர்’ என்று பழைய இரும்புக்குப் போட்டு, அதன் காலை ஓட்டல் மேசைக்கு மாட்டியிருப்பதை நான்கு இடத்தில் பார்த்துவிட்டேன். அதில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது என் கால் தானாக மிதியைத் தேடுகிறது.

வேலை முடிந்ததும் பெல்ட்டைப் பெரிய சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டுப் படுப்பது அத்தையின் வழக்கம். பெல்ட்டுக்கும் ஓய்வு, பேரப்பிள்ளைகள் மிதித்து விளையாடினாலும் விரல் ஊசியில் மாட்டாது. இப்போது நானும் அப்படித்தான் தள்ளிவிடுகிறேன்.