அளவைத் தட்டுங்கள், கண்ணை நம்பாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், கணினியில் தொழில்நுட்பப் படம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் பற்றியவை. அதனால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கல்லூரி லேப்பில் 60,0 என்று தட்டினால் கோடு 60 மில்லிமீட்டர் வலப்பக்கம் போகிறது. வீட்டு லேப்டாப்பில் அதையே தட்டினால் எங்கோ கீழே ஓடுகிறது. மென்பொருள் கெட்டுவிட்டதா?
*– டிப்ளோமா முதல் செமஸ்டர் மாணவர்*

கெடவில்லை. உங்கள் வீட்டில் டைனமிக் இன்புட் (கர்சர் பக்கத்திலேயே எண்ணைத் தட்டும் வசதி) அணைந்து கிடக்கிறது. எஃப்12 விசைதான் அதன் சுவிட்ச். அது எரிந்துகொண்டிருந்தால், இரண்டாவது புள்ளிக்கு நீங்கள் தட்டும் எண்கள் முந்தைய புள்ளியிலிருந்து எண்ணப்படும். அணைந்திருந்தால் 0,0 என்ற ஆதிப்புள்ளியிலிருந்து எண்ணப்படும். கோட்டை 100,100இல் தொடங்கிவிட்டு 60,0 தட்டினால், அது இடப்பக்கம் சரிந்து கீழே இறங்குவதில் அதிசயமில்லை.

எந்தக் கணினியிலும் ஏமாறாமலிருக்க எண்ணுக்கு முன் @ போடுங்கள். @60,0 என்றால் நின்ற இடத்திலிருந்து வலப்பக்கம் 60. @60<30 என்றால் 60 நீளம், 30 பாகை. பாகை வலப்பக்கக் கிடைக்கோட்டிலிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண்ணப்படும். கடிகாரத் திசையில் எண்ணிப் பழகியவர்களுக்குப் படம் தலைகீழாக வருவது இதனால்தான்.

சில லேப்டாப்களில் எஃப் விசையை மட்டும் அழுத்தினால் ஒலியோ வெளிச்சமோதான் மாறும். எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடியுங்கள். எஃப்3 புள்ளிகளைப் பிடிக்கும் ஓஸ்னாப், எஃப்8 கோட்டைக் கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் போகவிடும் ஆர்த்தோ. இப்போதைக்கு இந்த மூன்றும் போதும்.

செம்பனை ஆலைப் பட்டறையில் தொழிற்பயிற்சியில் இருக்கிறேன். ஒரு பைப் ஃபிளேஞ்சை (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) அளந்து வரையச் சொன்னார்கள். வெளிவிட்டம் 200, நடுத்துளை 80, போல்ட் துளை 18, மொத்தம் ஆறு துளை. என் படம் இரண்டு மடங்காக நிற்கிறது, துளைகளும் கோணலாக இருக்கின்றன.
*– மெக்கானிக்கல் மாணவர்*

இரண்டு மடங்கு ஆனதற்குக் காரணம், சர்க்கிள் கட்டளை முதலில் கேட்பது ஆரம். நீங்கள் விட்டத்தைத் தட்டியிருக்கிறீர்கள். மையத்தைக் காட்டியதும் டி எழுத்தைத் தட்டி எண்டர் கொடுத்து, பிறகு 200 கொடுங்கள். திரையின் அடியில் ஓடும் கட்டளை வரியில் இந்தத் தகவல் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் முக்கால்வாசி மாணவர்கள் அந்த வரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆட்டோகேட் கற்பதில் பாதி வேலை அந்த வரியைப் படிப்பதுதான் என்போம்.

துளைகள் கோணலானதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். போல்ட் வட்டத்தின் (துளை மையங்கள் வழியே போகும் வட்டம்) விட்டத்தை நீங்கள் எழுதவேயில்லை, அதைக் கண்ணளவில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். துளையின் மையத்தை வெர்னியரால் பிடிக்க முடியாது. எதிரெதிரே உள்ள இரண்டு துளைகளின் உள்விளிம்புகளுக்கு இடையே அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கூட்டுங்கள். உள்விளிம்பு தூரம் 132 என்றால், 18 சேர்த்து போல்ட் வட்டம் 150.

இனி வரையுங்கள். சென்டர்லைனுக்குத் தனி லேயர் (படத்தின் அடுக்கு), உருவக் கோட்டுக்குத் தனி லேயர். 0 லேயரில் எதையும் வரையாதீர்கள். ஒரே மையத்தில் 200, 80 விட்ட வட்டங்கள் இரண்டு. சென்டர்லைன் லேயருக்கு மாறி 150 வட்டம். மறுபடி உருவ லேயருக்கு வந்து, 150 வட்டத்தின் மேல் உச்சியை ஓஸ்னாப்பின் குவாட்ரன்ட்டால் பிடித்து 18 விட்டத்தில் ஒரே ஒரு துளை. மீதி ஐந்தையும் நீங்கள் வரைய வேண்டாம். ஒன்றை வட்டமாகப் பல நகலாக்கும் போலார் அர்ரே கட்டளையைக் கொடுத்து, அந்தத் துளையைத் தேர்ந்து, ஃபிளேஞ்ச் மையத்தைக் காட்டி, எண்ணிக்கை 6, நிரப்பும் கோணம் 360 என்று கொடுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி: ஆறு துளை உள்ள வட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு துளை மையங்களுக்கு இடையிலான தூரம், போல்ட் வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். டிஸ்டன்ஸ் கட்டளையால் அளந்தால் துல்லியமாக 75 வர வேண்டும். 74.6 என்று வந்தால் எங்கோ ஓஸ்னாப் இல்லாமல் சொடுக்கியிருக்கிறீர்கள். அந்தப் படத்தை வைத்துத் துளை போட்டால் போல்ட் ஏறாமல் போகலாம்.

மகள் எஸ்பிஎம் முடித்துவிட்டாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. பள்ளியில் லுக்கிசான் கெஜுருத்தெராஆன் (பொறியியல் வரைபடம்) பாடம் எடுக்கவில்லை. வகுப்பு தொடங்குமுன் பட்டணத்தில் ஆட்டோகேட் பயிற்சியில் சேர்க்கலாமா?
*– ஒரு தாயார்*

இப்போதைக்குப் பணத்தைச் செலவழிக்காதீர்கள் அம்மா. மென்பொருளை எப்படியும் பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளைகள் திணறுவது வேறு இடத்தில்: ஒரு பொருளைப் பார்த்து அதன் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் மனத்தில் பிரித்துப் பார்ப்பதில். அதற்கு ஏ4 தாள், 2எச் பென்சில், மூலைமட்டம் இரண்டு, காம்பஸ் போதும். ஒரு சவர்க்காரக் கட்டியில் மூலையைச் சரிவாக வெட்டி மேசையில் வைத்து, மூன்று தோற்றத்தையும் வரையச் சொல்லுங்கள். தோற்றங்களைத் தாளில் அடுக்க இரண்டு முறைகள் உண்டு: முதற்கோண முறையில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், மூன்றாம் கோண முறையில் மேலே வரும். இரண்டையும் குழப்பாமல் போட்டுவிட்டால், ஆட்டோகேட் அவளுக்கு வெறும் கைப்பழக்கம்தான்.

லேப்டாப் பழையது, 4 ஜிபி ரேம். ஆட்டோகேட் ஓடுமா? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

அண்மைப் பதிப்புகள் குறைந்தது 8 ஜிபி கேட்கின்றன. 4 ஜிபியில் முட்டி மோதாதீர்கள். மாணவர் என்று நிரூபித்தால் ஆட்டோடெஸ்க் ஓராண்டு உரிமம் இலவசமாகத் தருகிறது, படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். கள்ளப் பதிப்பு தேவையே இல்லை. பழைய கணினியில் இருபரிமாணம் பழக லிப்ரேகேட் போதும், அது இலவசம். ஆனால் டிஎக்ஸ்எஃப் கோப்பாகத்தான் சேமிக்கும். விரிவுரையாளர் ஆட்டோகேட்டின் சொந்தக் கோப்பு வடிவமான டிடபிள்யூஜி கேட்டால் கல்லூரி ஆட்டோகேட்டில் திறந்து மாற்றிக் கொடுங்கள்.

ஹேட்ச் (ஒரு பகுதியைக் கோடுகளால் நிரப்புவது) போடும்போது எல்லை மூடவில்லை என்று வருகிறது. கண்ணுக்கு எல்லாம் மூடித்தான் தெரிகிறது.

மூலையை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டு கோடுகள் தொடாமல் நிற்கும். ஃபில்லட் கட்டளையில் ஆரம் 0 கொடுத்து இரண்டு கோட்டையும் சொடுக்கினால் மூலை இணைந்துவிடும். இடைவெளியைக் கண்டுகொள்ளாதே என்று ஹேட்சுக்குச் சொல்லும் அமைப்பும் இருக்கிறது. அதைத் தவிர்ப்பது நல்லது. ஓட்டை அப்படியே இருந்து பின்னால் வேறு வேலையில் காலை வாரும்.

12 மீட்டருக்கு 9 மீட்டர் வீட்டு பிளானை ஏ3 தாளில் 1:50 அளவில் கேட்டார்கள். அச்சுக் கடையில் எடுத்தபோது எழுத்து தெரியவில்லை, மஞ்சள் கோடுகள் மறைந்துவிட்டன, அளவுகோல் வைத்தால் 1:50 வரவில்லை.
*– சிவில் மாணவி*

மூன்றும் மூன்று தனித் தவறுகள். முதலில் கணக்கு: 12,000ஐ 50ஆல் வகுத்தால் 240 மில்லிமீட்டர், 9,000ஐ வகுத்தால் 180. ஏ3 தாள் 420க்கு 297, தாராளமாக அடங்கும். எனவே தாள் தேர்வில் பிழையில்லை.

மாடல் ஸ்பேஸில் (படம் வரையும் வெளி) வீட்டை முழு அளவில், மில்லிமீட்டரில் வரையுங்கள். 12 மீட்டர் சுவர் என்றால் 12000. வரையும்போதே 50ஆல் வகுத்துச் சிறிதாக்கும் பழக்கம் பென்சில் காலத்தது, இங்கே அது ஆபத்து. லேஅவுட்டில் (அச்சுத் தாளை அமைக்கும் பக்கம்) ஏ3 தாளை அமைத்து, வியூபோர்ட்டுக்கு (தாளில் படம் தெரியும் சன்னல்) 1:50 அளவு கொடுத்து, உடனே அதைப் பூட்டிவிடுங்கள். பூட்டாமல் உள்ளே நுழைந்து மௌஸ் சக்கரத்தை உருட்டினால் அளவு போச்சு.

எழுத்து தாளில் 2.5 மில்லிமீட்டர் உயரம் வேண்டுமென்றால், மாடலில் எழுதும்போது 2.5 × 50, அதாவது 125. நீங்கள் 2.5 என்றே கொடுத்திருப்பீர்கள், தாளில் அது 0.05 மில்லிமீட்டர், புள்ளியாகக்கூடத் தெரியாது. லேஅவுட்டிலேயே எழுதினால் 2.5 சரி.

மஞ்சள் மறைவது பிளாட் ஸ்டைலால், அதாவது அச்சில் வண்ணம் எப்படி விழ வேண்டும் என்று சொல்லும் அமைப்பால். அதில் மோனோகுரோம் சிடிபியைத் தேர்ந்தால் எல்லா வண்ணமும் கறுப்பாக விழும். அளவு தப்புவது பெரும்பாலும் கடையில்தான். பிடிஎஃப்பைத் தாளுக்குப் பொருத்து என்ற தெரிவில் அச்சிட்டுவிடுவார்கள். ஆக்சுவல் சைஸ் என்று சொல்லி எடுங்கள். தாள் மூலையில் சரியாக 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டு வையுங்கள். காசு கொடுக்குமுன் அதன்மேல் அளவுகோலை வைத்துப் பாருங்கள், 97 வந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்த படம் கல்லூரிக் கணினியில் திறக்கவில்லை.

கல்லூரியில் பழைய பதிப்பு இருக்கும். 2018 முதல் வந்த பதிப்புகள் 2018 வடிவத்தில் சேமிக்கின்றன, 2017இல் அது திறக்காது. சேவ் ஆஸில் 2013 வடிவத்தைத் தேருங்கள், 2013 முதல் உள்ள எல்லாவற்றிலும் திறக்கும். பென்டிரைவில் இருந்தபடியே வேலை செய்யாதீர்கள், சேமிக்கும் நேரத்தில் பிடுங்கினால் கோப்பு பழுதாகும். அப்படி ஆகிவிட்டால் ரிகவர் கட்டளையை முயலுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால், அதே பெயரில் பிஏகே என்று முடியும் கோப்பைத் தேடி, பின்னொட்டை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறங்கள். கடைசியாகச் சேமித்ததற்கு முந்தைய படம் அதில் இருக்கும்.