தண்ணீரை அடுக்கடுக்காக உறையவைத்து மாதிரி செய்வது: கேள்வி பதில்

வியாசர்பாடி மாணவி: பிளாஸ்டிக் 3டி பிரிண்டர் இருக்கும்போது பனிக்கட்டியில் எதற்கு மாதிரி?

முக்கியமாக உலோக வார்ப்புக்கு. மாதிரியைச் சுற்றிக் கூடு கட்டி, மாதிரியை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகு மாதிரியைச் சுற்றிப் பீங்கான் கூடு கட்டிச் சூடாக்கினால், மெழுகு விரிந்து கூட்டில் விரிசல் விடும். பனிக்கட்டி உருகும்போது சுருங்கும், கூடு தப்பிக்கும். ஆனால் கூடு கட்டும் குழம்பு தண்ணீரில் கலந்ததாக இருந்தால் மாதிரி கரைந்துவிடும். ஆல்கஹால் கலந்த எத்தில் சிலிகேட் (துகள்களை ஒட்டவைக்கும் வேதிப்பொருள்) குழம்பு வேண்டும், அதுவும் குளிர்ந்ததாக.

தண்டையார்பேட்டை: வீட்டு ஃப்ரீசரில் செய்யலாமா?

முடியாது. கதவைத் திறந்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து மாதிரி மேல் சொரசொரவென்று படியும். மைனஸ் 20 டிகிரியில், காய்ந்த காற்றுள்ள மூடிய குளிர் அறை வேண்டும்.

பெரம்பூர்: அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தை எப்படித் தாங்குவது?

நல்ல கேள்வி. அமெரிக்காவில் மிசௌரி ரோலா பல்கலைக்கழகக் குழு குளுக்கோஸ் கரைசலைத் தாங்கலாக உறையவைத்தது. அது உருகுவது மைனஸ் 5.6 டிகிரியில். வேலை முடிந்ததும் அதற்கும் பூஜ்யத்துக்கும் இடையில் வைத்தால் தாங்கல் வழிந்துவிடும், மாதிரி நிற்கும்.

காசிமேடு ஐஸ் கம்பெனி அண்ணன்: மைனஸ் 20 எதற்கு? எங்கள் உப்புநீர்த் தொட்டி மைனஸ் 10தான், ஐஸ் கட்டியைப் பார் பாராக எடுக்கிறோமே?

அண்ணே, உங்கள் பாருக்கு ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. இங்கே தண்ணீர் துளித்துளியாக விழுந்து அடுக்காகிறது; அடுத்த அடுக்கு விழுவதற்குள் முந்தையது இறுகணும். ஒரு கிராம் தண்ணீர் உறைய 334 ஜூல் வெப்பத்தை வெளியே இழுக்கணும். குளிர் போதாவிட்டால் துளி பரவி விளிம்பு மழுங்கிவிடும்.

மறுபடி அண்ணன்: காற்று ஊதினால் பார் கண்ணாடியாக வரும். அதையும் செய்யுங்களேன்?

பாருக்குச் சரி. ஊதினால் தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கும். குமிழும் உப்பும் உறையும் முகப்பில் ஒட்டாமல் நடுவுக்கு ஒதுங்கும். அந்த நடுத்தண்ணீரை உறிஞ்சிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுகிறீர்களே, அதுதான் சூட்சுமம். துளித்துளியாக விழும் இடத்தில் ஊத முடியாது. காற்று நீக்கிய, காய்ச்சி வடித்த தண்ணீரை எடுத்துக்கொள்வதுதான் வழி.

எண்ணூர்: என் வீட்டு ஃப்ரீசர் டபுள் டோர். அதில்?

மேலே தண்டையார்பேட்டைக்குச் சொன்னதுதான்.

திருவொற்றியூர்: உலர் பனிக்கட்டி வைத்து அறையைக் குளிரவைக்கலாமா?

ஜன்னல் மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். அது ஆவியானால் கார்பன் டை ஆக்சைடு. கீழே தேங்கும், மூச்சு முட்டும்.

கொருக்குப்பேட்டை: ஃப்ரீசர்ல...

தண்டையார்பேட்டை பதில்.