புரட்டிய கல்

வணக்கம் ஐயா,

நாங்கள் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன அமாவாசைக்கு மறுநாள் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. பாறைப் பக்கம் போனோம். ஒரு பெரிய கல்லைப் புரட்டினால் அடியில் அத்தனை உயிர்கள்! அரை மணி நேரத்தில் வாளி நிறைந்துவிட்டது. நட்சத்திர மீன் மூன்று, சங்குக்குள் இருக்கும் துறவி நண்டு பத்துப் பன்னிரண்டு, சின்ன மீன்கள், ஓடில்லாத நத்தை மாதிரி ஒன்று (வாளித் தண்ணீரையே ஊதாவாக்கிவிட்டது), கோலம் போட்டதுபோல் அழகான ஒரு கூம்புச் சங்கு, கரையில் ஒதுங்கிக் கிடந்த பவளத் துண்டு. இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீரையே ஊற்றி விட்டோம். மூன்றாம் நாள் நட்சத்திர மீன் ஒன்று செத்தது. மறுநாள் காலையில் தண்ணீர் பால்போல் கலங்கி, எல்லாம் செத்துக் கிடந்தன. இரண்டு நண்டுகள் மட்டும் மிச்சம். மகன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எந்த ஃபில்டர் வாங்கினால் இப்படி ஆகாது? உப்பு எந்தக் கம்பெனி நல்லது? மிச்சமிருக்கும் இரண்டையும் கடலில் விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

செத்த நண்டுக்காகச் சோறு இறங்காத பிள்ளை கடலுக்கு வேண்டிய பிள்ளை. அவனைத் திட்டாதீர்கள், வேறு பொம்மை வாங்கிக் கொடுத்து மறக்கடிக்கவும் செய்யாதீர்கள். எனக்குக் கோபமெல்லாம் பக்கத்தில் நின்ற பெரியவர்கள்மேல்தான்.

ஃபில்டர் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டடித் தொட்டிக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஓர் ஏர் பம்ப் போதும். கடையிலேயே விலை கூடியதை வாங்கி மாட்டியிருந்தாலும் அந்த வாளி நான்காம் நாள் செத்துத்தான் இருக்கும். கடலோரத்தில் குடியிருந்துகொண்டு உப்புக் கம்பெனியைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நடந்தது இதுதான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை நிறைந்தால் 56 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர்தான் தேறும். அதில் இருபது உயிர்களின் கழிவு. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா மணலிலும் ஸ்பாஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உங்கள் தொட்டிக்கு வயது மூன்று நாள். கடல்நீர் காரத்தன்மை உள்ளது, பி.ஹெச். எட்டுக்கு மேல். அந்தக் காரத்தில், நம் ஊர்ச் சூட்டில், அம்மோனியாவின் விஷம் இன்னும் ஏறும். அதில் ஒரு நட்சத்திர மீன் செத்து, இரவெல்லாம் யாரும் எடுக்காமல் அழுகியது. பால்போல் கலங்கியது அழுகலைத் தின்று பெருகிய பாக்டீரியா. அது ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொண்டது. விடிவதற்குள் எல்லாம் முடிந்தது.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உட்கார்த்திவைத்த வரிக்கு வருகிறேன். 'ஒரு பெரிய கல்லைப் புரட்டினால்' என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பி வைத்ததாக எழுதவில்லை. மூன்று முறை படித்துப் பார்த்தேன், இல்லை. பாறைக் கரைக்குப் போகிறவர்களைப் பற்றிச் சில வாரங்களாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருந்த கேள்வியும் இதுவேதான்.

கரைக் கல்லுக்கு இரண்டு முகம் உண்டு. மேல்முகத்தில் பாசி, பாறையில் ஓட்டோடு ஒட்டி வாழும் கொட்டலசு, ஒட்டிக்கொண்டு மேயும் சின்ன நத்தைகள். இவை வெயிலுக்கும் அலைக்கும் பழகியவை. அடிமுகத்தில் கடற்பஞ்சு, பாம்பு வால்போல் கைகளை நெளிக்கும் நொறுங்கு நட்சத்திரம், தட்டை நண்டு, வழவழப்பான பை போன்ற கடற்குடுவை, கல்லில் பசைபோல் ஒட்டிய மீன் முட்டை. பாறை இடுக்கில் வாழும் சின்ன மீன் வகைகளில் பலவற்றில் ஆண் மீன்தான் அந்த முட்டைக்குக் காவல். நீங்கள் பிடித்த 'சின்ன மீன்கள்' ஓடாமல் அங்கேயே நின்றிருந்தால், ஏன் நின்றன என்று இப்போது தெரியும்.

கல்லைப் புரட்டிப் போட்டால் அடியில் இருந்தவை வெயிலில் வேகும், மேலே இருந்த பாசி இருட்டில் அழுகும். ஒரே அசைவில் இரண்டு ஊர் காலி. நீங்கள் வாளியில் எடுத்தது இருபது உயிர். எடுக்காமல் விட்டுவந்தது அதைப்போல் பல மடங்கு, அவற்றையும் கொன்றுவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரியும் தாழ்ந்த பட்டையில் கிடந்த கல் அது. அங்கே வாழ்பவை மாறாத உப்பு, மாறாத குளிர்ச்சி, ஓயாமல் வரும் புதுத் தண்ணீர் இவற்றுக்குப் பழகியவை. வீட்டுத் தொட்டியில் முதலில் சாகிறவையும் அவையே. உங்கள் இரண்டு நண்டுகள் ஏன் பிழைத்தன? அவை அநேகமாக மேல் குட்டையிலிருந்து எடுத்தவை. தினமும் இரண்டு முறை கடல் கைவிட்டுப் போகும் குட்டையில் நடுப்பகல் தண்ணீர் சுடும், மழையில் உப்புக் குறையும், வெயிலில் கூடும். அதைத் தாங்கியது உங்கள் தொட்டியையும் தாங்கியது. எடுப்பதானால் மேல் குட்டையில் எடுங்கள், கல்லுக்கு அடியில் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கல்லுக்கடியில் பார்க்கவே கூடாதா என்று மகன் கேட்பான். பார்க்கலாம். ஒருவர் இரண்டு கையால் அலுங்காமல் தூக்க முடிகிற கல்லாக இருக்க வேண்டும். மண்ணில் புதைந்த கல்லைக் கடப்பாரை போட்டு நெம்பக் கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்குங்கள், இன்னொருவர் குனிந்து பார்க்கட்டும். ஒரு நிமிடம் போதும். வெயிலடித்தால் உங்கள் நிழலை அதன்மேல் விழவிடுங்கள், கையால் கடல்நீர் தெளித்துக்கொண்டிருங்கள். வைக்கும்போது நேரே இறக்கினால் அடியில் ஓடும் நண்டும் மீனும் நசுங்கும். அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கல்லை அதே பள்ளத்தில், அதே முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஒதுக்கியவற்றைக் கல்லின் விளிம்பில் விட்டால் தாமே உள்ளே போகும். கல் ஆடக் கூடாது. ஆடினால் அடுத்த அலையே அதைப் புரட்டிவிடும்.

நட்சத்திர மீனை எடுக்காதீர்கள். உப்பின் அளவு சட்டென்று மாறினால் அதற்கு உடம்பு தாங்காது. தாங்கினாலும், இரைப்பையை வெளியே தள்ளிச் சிப்பியையும் பாறைப் படலத்தையும் தின்னும் அது 45 லிட்டரில் மாதக்கணக்கில் மெல்லப் பட்டினி கிடந்து சாகும். ஊதா மை விட்டது கடல் முயல். அது பாசி தின்னி, உங்கள் தொட்டியில் அதற்கு உணவில்லை. கூம்புச் சங்கைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. கூம்பு நத்தை ஊசிபோன்ற பல்லால் விஷம் ஏற்றும். சில வகைகள் ஆளையே கொல்லும், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. உயிருள்ள சங்கை, அது எந்தச் சங்கானாலும், மகன் உள்ளங்கையிலோ கால்சட்டைப் பையிலோ வைக்கவே கூடாது.

பவளத் துண்டைத் திரும்ப அந்தக் கரையிலேயே போட்டுவிடுங்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை மூன்றையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், பவளத்தில் செத்து ஒதுங்கியதற்கும் விலக்கில்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றியது தேசியப் பூங்கா, அங்கே எதையும் எடுக்கக் கூடாது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே அந்தத் தீவுகளில் இரண்டு முங்கிப்போயின.

தொட்டியை மறுபடி தொடங்க ஆசையிருந்தால் உயிரில்லாமல் தொடங்குங்கள். ஆற்று வாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் எடுக்காதீர்கள், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலும் வேண்டாம், உப்புக் குறைந்திருக்கும். தண்ணீர் கொண்டுவரக் காலிக் குடிநீர் கேன் நல்லது. செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடவே கூடாது, செம்பு நண்டையும் நத்தையையும் கொல்லும். துணியில் வடிகட்டி ஊற்றி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு சின்ன இறால் துண்டைப் போட்டு அழுக விடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் சோதனைக் குப்பியில் பூஜ்யம் காட்டும்வரை காத்திருங்கள். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். வற்றினால் நல்ல தண்ணீர்தான் விட வேண்டும், ஆர்.ஓ. தண்ணீர் போதும். ஆவியாவது தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும். வற்ற வற்றக் கடல்நீரையே ஊற்றிக் கெடுத்த தொட்டிகள் எத்தனையோ.

அதன்பிறகு மேல் குட்டையிலிருந்து இரண்டு துறவி நண்டு, நாலைந்து நத்தை. அவ்வளவுதான். முடிச்சுப் போட்ட ஏர் டியூப் வழியே தொட்டித் தண்ணீரை அவற்றின் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் சொட்டவிட்டுப் பழக்குங்கள். நண்டு வளர்ந்தால் வீடு மாற வேண்டும், கொஞ்சம் பெரிய வெற்றுச் சங்கு குறைந்தது மூன்று போட்டு வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை அரிசி அளவு இறால். ஒரு மணி நேரத்தில் தின்னாத மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

மிச்சமிருக்கும் இரண்டையும் விடலாம். கடையில் வாங்கிய மீன் எதுவும் அந்தத் தொட்டியில் இருந்ததில்லை என்றால் மட்டும். இருந்திருந்தால் நோய் தொற்றியிருக்கலாம், கடலுக்குத் திரும்ப வேண்டாம், நீங்களே வைத்துக் காப்பாற்றுங்கள். விடும்வரை தினமும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். கொண்டுபோனதும் குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி, எடுத்த குட்டையிலேயே, நிழலான பொந்தருகே, மகன் கையால் விடச் சொல்லுங்கள்.

கல் எங்கே கிடக்கிறது என்று அவனுக்கு நினைவிருக்கும். இப்போது போய் அதைத் திருப்பி வைக்க வேண்டாம். இதை நீங்கள் படிப்பதற்குள் மூன்று வாரம் ஆகியிருக்கும். புதிதாக மேலே வந்த முகத்தில் பாசி துளிர்க்கத் தொடங்கியிருக்கும், அடியில் வேறு யாராவது குடிவந்திருப்பார்கள்.