பம்பை மாற்றும் முன் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2001 மாடல் மஹிந்திரா கமாண்டர் டீசல் ஜீப் இருக்கிறது, ஃபோர் வீல் டிரைவ். போடியிலிருந்து மலை மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய்வர வைத்திருக்கிறேன். காலையில் ஃபீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் சிறு பம்ப்) கை பிரைமரை முப்பது தடவை அமுக்கினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஏற்றத்தில் பாதி வழியில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது. டேங்க் நிறைய டீசல் இருந்தால் தொந்தரவு குறைவு. டீசல் பம்ப் போய்விட்டது, 35,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். மெக்கானிக் சொல்வது, நாசிலுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பெரிய பம்ப். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதைக் காட்டவில்லை.

உள்ளே தேய்ந்த பம்ப் பெரும்பாலும் சூட்டில்தான் படுத்தும். டீசல் சூடாகி இளகும்போது தேய்ந்த இடைவெளி வழியாகக் கசிந்து, என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. காலையில் எளிதாகப் பிடிக்கும், ஓடிச் சூடான வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கும்போது அடம் பிடிக்கும். உங்கள் வண்டி நேர்மாறாக நடக்கிறது. ராத்திரி முழுக்க நிற்கும்போது எங்கோ காற்று நுழைந்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. பிரைமரை முப்பது முறை அமுக்கி அந்தக் காற்றைத்தான் வெளியேற்றுகிறீர்கள். டேங்க் நிறைந்திருந்தால் மட்டம் உயர்ந்து, ஃபீட் பம்ப் சிரமப்பட்டு உறிஞ்ச வேண்டியதில்லை. தொந்தரவு குறைவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் காசில்லாத சோதனை. ஏற்றத்தில் நின்றதும் இறங்கி டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, வண்டியும் உடனே கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை சேற்றில் அடைத்திருக்கிறது. மண் பாதையில் ஓடும் ஜீப்புகளில் இது சகஜம். சத்தம் வராமல், காத்திருந்தால்தான் கிளம்புகிறது என்றால் டேங்க் அடியில் கசடு இருக்கலாம். ஓடும்போது உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், நின்றதும் உதிர்ந்துவிடும்.

அடுத்தது கேன் சோதனை. சுத்தமான டீசல் ஐந்து லிட்டரை ஒரு கேனில் ஊற்றி, சைலன்சர் பக்கம் போகாமல் இறுகக் கட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு புது ஹோஸை நேரே ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்றை எடுத்துவிட்டு அதே ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். நிற்காமல் ஏறினால் 35,000 ரூபாய் பம்ப் குற்றவாளி இல்லை, கோளாறு டேங்கிலோ, டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவிலோ இருக்கிறது.

அந்த நடுப்பகுதியில்தான் பலரும் ஏமாறுகிறோம். ஃபீட் பம்பைத் தாண்டிய பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. என் வண்டியில் இரண்டு முறை ஃபில்டர் மாற்றியும் தீராத கோளாறு ஒன்று இருந்தது. உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு முழத்தை லைனில் செருகி என்ஜினை ஓடவிட்டேன். கடுகளவு குமிழிகள் வரிசையாக ஊர்ந்து வந்தன. பின்னாலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பிடித்துக்கொண்டு வந்ததில், சேசிஸ் கிளாம்புக்கு அடியில் ரப்பர் ஹோஸ் மயிரிழை அளவு வெடித்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும்.

ஆகவே ஹோஸ்களையும் இணைப்புகளில் இருக்கும் செம்பு வாஷர்களையும் மொத்தமாக மாற்றுங்கள். பழைய வாஷரைத் திருப்பி மாட்ட விடாதீர்கள், ஒரு முறை நசுங்கியது சரியாக அடைக்காது. ஃபீட் பம்ப் நுழைவில் சிறு வலை இருந்தால் கழுவுங்கள். பிரைமர் குமிழை அமுக்கி முடித்ததும் திருகி இறுக்குகிறீர்களா என்றும் கவனியுங்கள், அங்கேயும் காற்று நுழையும்.

இவ்வளவும் செய்து, கேன் சோதனையிலும் வண்டி நின்றால் அப்போது பம்பைக் கழற்றலாம். பம்பைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, நான்கு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்ற அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். அளவு கையில் இல்லாமல் புது பம்புக்குத் தலையாட்டாதீர்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: நாசில் பீச்சும் இடத்தில் விரல் வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

கேள்வி: என் சொந்த உபயோக ஜீப்புக்கு இதே போல் சொல்லி பம்ப் மாற்றிவிட்டார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது. துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் பில்லும் கழற்றிய பழைய பம்பும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். துண்டுச் சீட்டையும் ஜிபே விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். வேறு பட்டறையில் உண்மையான காரணம் தெரிந்தால் அவர்களிடம் எழுதி வாங்குங்கள், வழக்குக்கு அதுதான் பலம். பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.