பட்டையா, சுருள் பட்டையா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சர்க்கரைக்கு நல்லது என்று சொன்னார்கள். ஆறு மாதமாகத் தினமும் காலையில் ஒரு டீஸ்பூன் பட்டைத்தூளை வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். மளிகைக் கடைப் பட்டையை மிக்ஸியில் அரைத்ததுதான். அது அசல் இல்லை, சுருள் பட்டைதான் வாங்க வேண்டும் என்கிறாள் தங்கை. விலையோ பல மடங்கு. பிரியாணிக்கும் அதையேதான் போட வேண்டுமா?"

பிரியாணிக்கு இப்போது வாங்கும் பட்டையே போதும். காலையில் குடிக்கும் அந்த ஒரு டீஸ்பூனை மட்டும் நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள்.

உங்கள் கடைக்காரர் ஒன்றும் ஏமாற்றவில்லை. நம் ஊரில் 'பட்டை' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது காசியா என்ற வகை. சீனா, வியட்நாம், இந்தோனேசியாவில் விளைவது. தங்கை சொல்லும் சுருள் பட்டை இலங்கையில் காலி, மாத்தறைப் பக்கம் பிரதானமாக விளைகிறது. அங்குள்ள தமிழர்களுக்கு அது கறுவா. இரண்டும் ஒரே இனத்து மரங்கள்தான், அக்கா தங்கை மாதிரி. பிரிஞ்சி இலை தரும் மரமும் அவற்றுக்குச் சொந்தம். நம் நாட்டு உணவுத் தர விதிகள் கறுவாவைத் தால்சினி என்றும் காசியாவைத் தாஜ் என்றும் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. மளிகைக் கடைக்கு வந்தால் இரண்டும் பட்டையாகிவிடும்.

நான் நிறுத்தச் சொல்வது கூமரின் என்ற பொருளுக்காக. அளவு மீறித் தொடர்ந்து உள்ளே போனால் சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடை என்றால் 6 மில்லிகிராம். காசியாத் தூளில் கிராமுக்குச் சுமார் 3 மில்லிகிராம் கூமரின் இருக்கலாம். மரத்துக்கு மரம் இது ஏறி இறங்கும். ஒரு டீஸ்பூன் தூள் இரண்டரை கிராம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், தினமும் வரம்பைத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள். கறுவாவில் கூமரின் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குக்கூட இருக்காது. பயப்பட வேண்டாம். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் இதைச் சொல்லி, கல்லீரல் பரிசோதனையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பிரியாணிக் கதை வேறு. அரைக் கிலோ அரிசிக்கு இரண்டு துண்டு போடுகிறோம், அதையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம்.

அடையாளம் காண்பது எளிது. காசியா தடிப்பாக, கரும்பழுப்பாக, மரச்சில்லு போல இருக்கும். சுருண்டிருந்தாலும் ஒரே அடுக்குதான். கறுவா இளம்பழுப்பில், காகிதம் போல மெல்லிய பல அடுக்குகளாக, சுருட்டுக்குள் சுருட்டு வைத்தது போல இருக்கும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். தூளாகிவிட்டால் கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். அதனால் முழுதாகவே வாங்குங்கள்.

அந்த விலை எதற்கு என்று கேட்டால், காசு முழுக்க உரிப்பவரின் கைக்குத்தான் என்பேன். கறுவாவை மரமாக வளர விடுவதில்லை. நட்டு மூன்று ஆண்டுகள் போல ஆனதும் அடியோடு வெட்டுவார்கள். தூரிலிருந்து கிளைகள் புதராகத் துளிர்த்து வரும். விரல் பருமனைத் தாண்டிய கிளைகளை, மழைக்குப் பின் பட்டை இளகும் பருவத்தில் வெட்டுகிறார்கள். மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, பித்தளைத் தடியால் அழுத்தித் தேய்ப்பார்கள். உள்பட்டை நெகிழ்ந்து கொடுக்கும். இரு பக்கமும் நீளவாக்கில் கீறி, கத்தி முனையை உள்ளே விட்டு, கிழியாமல் எடுக்க வேண்டும். எடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உடைந்த துணுக்குகளை உள்ளே திணித்து, 42 அங்குல நீளக் குழலாக்கி, கூரையடியில் கயிறு கட்டி நிழலில் உலர்த்துகிறார்கள். ஆறு மில்லிமீட்டருக்குள் விட்டம் அமைந்தால் அதற்கு 'ஆல்பா' (Alba) என்று பெயர், முதல் தரம். இயந்திரம் இன்னும் இந்தக் கையை எட்டிப் பிடிக்கவில்லை. இலையும் வீணாகாது, காய்ச்சி எண்ணெய் எடுப்பார்கள். அந்த இலையைக் கசக்கினால் கிராம்பு வாசம் அடிக்கும், இரண்டிலும் இருப்பது யூஜெனால் என்ற வாசனைப் பொருள்தான். கிராம்பைச் சிலர் லவங்கம் என்பதும் இதை இலவங்கப்பட்டை என்பதும் எனக்கு அதனாலேயே பெரிய குழப்பமாகத் தெரியவில்லை!

சரி, சமையலுக்கு வருவோம். என் வீட்டில் இரண்டும் உண்டு. குருமா, பிரியாணி, கறி மசாலா எல்லாவற்றுக்கும் காசியா. எண்ணெயில் பொரிந்து வெங்காயம் பூண்டோடு மல்லுக்கு நிற்கும் காரம் அதற்குத்தான் இருக்கிறது. கறுவாவை அங்கே போட்டால் அதன் மென்மையான இனிப்பு வாசம் இருந்த இடம் தெரியாது, காசும் போச்சு. டீ, பால், பாயசம், கேக் இவற்றுக்குக் கறுவா. ஐம்பது கிராம் வாங்கிக் காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள், வேண்டியபோது மட்டும் பொடியுங்கள்.

அப்புறம், சர்க்கரை. பட்டை சர்க்கரையைக் குறைக்குமா என்று பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை. காலையில் அந்த வாசம் பிடித்துப்போயிருந்தால் ஒரு சிறு துண்டு கறுவாவை டீயில் போட்டுக் குடியுங்கள். அதை நம்பி மாத்திரையை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.