சிகரெட்டை விட்ட முதல் மாதம்: கேட்டவையும் சொன்னவையும்

நெஞ்சக நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது புகையை விட வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசும் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். புகையை விட்ட முதல் ஒரு மாதத்தைப் பற்றி மட்டும் இன்று எழுதிக் கேளுங்கள். எக்ஸ்ரே படம் அனுப்பாதீர்கள், மாத்திரை அளவு கேட்காதீர்கள். அவை உங்கள் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

கேள்வி (ஈரோடு): அக்கா, இன்று மூன்றாம் நாள். தலை கனக்கிறது, எதற்கெடுத்தாலும் எரிச்சல். காலையில் பிள்ளையைக் காரணமே இல்லாமல் திட்டிவிட்டேன். இனி நான் இப்படித்தானா?

பதில்: இல்லை தம்பி. இருப்பதிலேயே மோசமான நாளில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். ரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். அதனால் முதல் நாள் இரவுக்குள்ளேயே பெரும்பகுதி போயிருக்கும். ஆனால் நிகோடினுக்குப் பழகிய மூளையில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் எண்ணிக்கையில் கூடியிருக்கும். அவை அடங்க நாளாகும். அதுவரை எரிச்சல், தூக்கக் கோளாறு, கவனம் நிற்காமை, பசி எல்லாம் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், முதல் வாரம் தாண்டினால் இறக்கம், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 'டென்ஷனுக்கு ஒரு தம்' என்று இத்தனை வருடம் அடித்தீர்களே, அந்த டென்ஷனில் பாதி முந்தைய சிகரெட்டின் நிகோடின் இறங்கியதால் வந்தது. அடுத்த சிகரெட் அதைத் தணித்தது, அதுவே மறுபடி உண்டாக்கியது. விட்டுச் சில வாரம் ஆனவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் புகைத்த காலத்தைவிடக் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கும் அந்த நாள் வரும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: வீட்டில் சொல்லிவிடுங்கள். 'இந்த ஒரு வாரம் நான் கடுகடுவென்று இருப்பேன், உங்கள் மேல் கோபமில்லை' என்று பிள்ளையிடமும் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். இழுக்கணும் போல வேகம் வரும்போது கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடம்தான் நிற்கும். அந்த நேரத்துக்கு எழுந்து நடங்கள், முகம் கழுவுங்கள், யாருக்காவது போன் போடுங்கள். இருந்த இடத்தில் உட்கார்ந்தபடி அதோடு வாதாடாதீர்கள்.

கேள்வி (கோயம்புத்தூர், மில் தொழிலாளி): டீ குடித்தால் தம் இல்லாமல் முடியவில்லை. டீயை விட்டுவிட வேண்டுமா? இன்னொன்று, விட்டதிலிருந்து நெஞ்சு படபடக்கிறது, இரவு தூக்கமே இல்லை.

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்வியில் இருக்கிறது. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும். காபி, டீயில் உள்ள கஃபீனை உடைப்பது அதே நொதிதான். அதனால் புகைக்கிறவர்களுக்குக் கஃபீன் சீக்கிரம் கரைந்துவிடும். புகையை நிறுத்தினால் சில நாளில் அந்த வேகம் குறையும். நீங்கள் குடிப்பது அதே நாலு டீ, ஆனால் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். 'சிகரெட்டை விட்டதால் உடம்பு கெட்டுப்போச்சு' என்று திரும்ப ஆரம்பித்த பலரிடம் நான் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை காபி என்பதுதான். பாதியாகக் குறையுங்கள். மதியத்துக்குப் பிறகு வேண்டாம். படபடப்போடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

டீக்கடையைப் பொறுத்தவரை, முதல் இரண்டு வாரம் அந்தக் கடைக்கே போகாதீர்கள். பெஞ்சு, பாய்லர் சத்தம், கூட வருகிற ஆள், எல்லாமே உங்கள் மூளைக்கு 'அடுத்தது தம்' என்று சொல்லித் தந்திருக்கிறது. ஃபிளாஸ்கில் வீட்டு டீ கொண்டுபோய் வேறு இடத்தில் உட்கார்ந்து குடியுங்கள்.

கேள்வி: ஐந்து நாளாக வயிறு போகவில்லை. காலையில் ஒரு தம் அடித்தால்தான் போகும் என்று பழகிவிட்டது.

பதில்: நிகோடின் குடலை அசைக்கும். அது இல்லாமல் குடல் தன் வழிக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர், காலையில் அரை மணி நேர நடை. அதற்கும் போகாவிட்டால் மருந்துக் கடையில் இசப்கோல் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் இதை மெதுவாகக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்.

கேள்வி (தென்காசி): சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறி, அப்புறம் விடலாமா? பீடி வெறும் இலைதானே?

பதில்: வேண்டாம் அண்ணா. பீடிக்குள் இருப்பதும் புகையிலைதான். இலை சீக்கிரம் அணையும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு எதிலும் சிகரெட்டைவிடக் குறைவில்லை, பெரும்பாலும் அதிகம். உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலத்துக்கு மாறலாமா என்று கேட்ட இருவருக்கும் இதே பதில். வாய்ப் புற்றுநோய் பிரிவை ஒருமுறை பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: நிகோடின் சூயிங்கம் வாங்கினேன். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வருகிறது.

பதில்: மிட்டாய் மாதிரி மென்று எச்சிலை விழுங்குகிறீர்கள். மெதுவாக மெல்லுங்கள், நாக்கில் காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்குங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படி. நிகோடின் வாயின் உள்தோல் வழியாக ஏற வேண்டும், வயிற்றுக்குள் போனால் பலனில்லை. காபியோ பழச்சாறோ குடித்துப் பதினைந்து நிமிடத்துக்குள் போட்டாலும் சரியாக ஏறாது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு வகை உண்டு. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடித்தவர்களுக்கு 2 போதாமல் போகலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (விருதுநகர்): போன கார்த்திகையில் மாலை போட்டேன். 41 நாள் ஒரு தம்கூட இல்லை, ஆசையும் பெரிதாக வரவில்லை. ஊர் திரும்பி மாலையைக் கழற்றிய அன்று மாலையே பெட்டிக்கடையில் நின்றேன். நான்கு வாரத்தில் அடங்கிவிடும் என்கிறீர்களே, 41 நாளுக்குப் பிறகு ஏன் வந்தது?

பதில்: இன்று வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இஸ்ரேலில் விமானப் பணியாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2010-ல் வெளியானது. எல்லோரும் புகைக்கிறவர்கள், விமானத்துக்குள் யாரும் புகைக்க முடியாது. மூன்று முதல் ஐந்தரை மணி நேரப் பயணத்திலும், எட்டு முதல் பதின்மூன்று மணி நேரப் பயணத்திலும் அவர்களுக்கு எவ்வளவு ஆசை வருகிறது என்று நேரத்துக்கு நேரம் குறித்தார்கள். கடைசி சிகரெட் பிடித்து எத்தனை மணி நேரம் ஆனது என்பதைப் பொறுத்து மட்டும் ஆசை கூடவில்லை. இறங்கப் போகிற நேரம் நெருங்க நெருங்கக் கூடியது. சின்னப் பயணம் முடியும்போது இருந்த ஆசை, பெரிய பயணம் முடியும்போது இருந்த ஆசைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

உங்கள் 41 நாளும் அப்படித்தான். கழுத்தில் மாலை இருக்கும்வரை கிடையாது என்பது முடிவான விஷயம். பெட்டிக்கடைக்காரரே 'சாமிக்கு எதுக்கு' என்று தரமாட்டார். கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மனம் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் அந்த விரதத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. நீங்கள் சிகரெட்டை விடவில்லை, 41 நாளுக்குத் தள்ளி வைத்தீர்கள். உடம்பு விட்டுவிட்டது, தேதி விடவில்லை.

கேள்வி (மேலப்பாளையம்): நோன்பில் எனக்கும் அப்படித்தான் அக்கா. பகல் முழுக்க நினைப்பே வராது. அஸர் தொழுகைக்குப் பிறகு, நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, தாங்க முடியாது.

பதில்: அதேதான். இந்த ரமலானில் நோன்பு திறந்த பிறகும் வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். சாயங்காலம் காத்திருக்க ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தின் வேகம் குறையும்.

கேள்வி (ராஜபாளையம், குருசாமி): முப்பது பேரை மலைக்குக் கூட்டிப்போகிறவன் நான். என் சாமிமார்களுக்குத் தலைவலியும் இல்லை, எரிச்சலும் இல்லை. அது ஐயப்பன் அருள். இதை ஆராய்ச்சி என்று சுருக்காதீர்கள். சூயிங்கம் எல்லாம் கம்பெனி வியாபாரம்.

பதில்: அருளை நான் மறுக்கவில்லை சாமி. விரதம் ஒரு மனிதனைத் தூக்கி நிறுத்துவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விடியற்காலைக் குளியல், சுத்தச் சாப்பாடு, பஜனை, கூட இருக்கிற முப்பது பேர். எந்த மருத்துவமனையாலும் இதைத் தர முடியாது. ஆனால் எரிச்சலே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். விரதக் காலத்தில் கோபப்படக் கூடாது என்பதால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்களிடம் சொல்கிறார்கள்.

நிகோடின் சூயிங்கத்தையும் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையையும் விற்பது கம்பெனிதான். ஆனால் 130-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நிகோடின் மாற்று மருந்து எடுத்தவர்களில் வெற்றிகரமாக விட்டவர்கள், எடுக்காதவர்களைவிட 50 முதல் 60 சதவீதம் அதிகம். பக்தி இருக்கிறவருக்கு மருந்து தேவைப்படாமல் போகலாம். தேவைப்படுகிறவரை 'உனக்கு மன உறுதி இல்லை' என்று அனுப்பிவிடாதீர்கள், அவர் மறுபடி முயற்சி செய்யவே வெட்கப்படுவார்.

கேள்வி: அப்படியென்றால் வருடம் முழுக்க மாலையோடு இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். மாலையைக் கழற்றும் நாளுக்கு முன்பே சிகரெட்டுக்குத் திரும்பும் தேதி என்று ஒன்று இல்லை என முடிவு செய்தால் போதும்.

இந்த ஒரு விஷயத்திலேயே நேரம் போய்விட்டது. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒவ்வொன்றாகக் குறைத்து விடலாமா?

பதில்: இங்கிலாந்தில் சுமார் 700 பேரை வைத்து நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதமும், இரண்டு வாரம் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதமும் நான்கு வாரம் தாக்குப்பிடித்தார்கள். நாள் குறித்து ஒரேயடியாக நிறுத்துங்கள். முடியவே முடியாது என்றால் குறைத்தாவது வாருங்கள், கடைசி நாள் எது என்று எழுதி வைத்துவிட்டு.

கேள்வி: விட்ட பிறகு இருமல் கூடிவிட்டதே?

பதில்: மூச்சுக் குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய இழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன. சில வாரத்தில் குறையும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், காசநோய் இல்லை என்று உறுதியாகட்டும். சளியில் ரத்தம் வந்தாலோ எடை குறைந்தாலோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: நுரையீரலைக் கழுவ இஞ்சி, எலுமிச்சைச் சாறு?

பதில்: குடிப்பது வயிற்றுக்குத்தான் போகும். ருசிக்காகக் குடியுங்கள்.

கேள்வி: எனக்கும் இருமல் அதிகமாக இருக்கிறது, நல்லதா கெட்டதா?

பதில்: இரண்டு கேள்விக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

கேள்வி: இ-சிகரெட்?

பதில்: இந்தியாவில் 2019-லிருந்து தடை. விற்கிறவர் என்ன ஊற்றித் தருகிறார் என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: அண்ணன் மனநலத்துக்கு க்ளோசபின் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் சிகரெட்டை நிறுத்திவிட்டார். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: நாளைக்கே அவருடைய மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். கஃபீனுக்குச் சொன்ன அதே நொதிதான் இந்த மருந்தையும் உடைக்கிறது. புகையை நிறுத்தினால் அதே மாத்திரையில் ரத்த அளவு ஏறும். அதிகத் தூக்கம், எச்சில் வடிதல், தள்ளாட்டம் இருந்தால் நாளைவரைகூட வேண்டாம், இன்றே போங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். இதற்காக அவர் மறுபடி புகைக்கவும் வேண்டாம். மனநலத்துக்கு ஓலான்சபின், மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: விட்டு ஒன்பது நாள். தூக்கம் வரவில்லை.

பதில்: எத்தனை காபி? கோயம்புத்தூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): என் கணவர் பத்து நாள் விட்டிருந்தார். நேற்றுச் சட்டையில் வாசனை. கேட்டதற்கு 'ஒன்றே ஒன்று' என்றார். பெரிய சண்டையாகிவிட்டது. இனி என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தச் சண்டைக்கு அடுத்து அவர் எங்கே போவார் என்று யோசியுங்கள். அந்த ஒன்று ஆபத்தானதுதான், ஒன்று பிடித்தவர்களில் பெரும்பாலோர் பழையபடி ஆகிறார்கள். ஆனால் அதற்குக் காரணம் பாதி அந்தச் சிகரெட், பாதி 'போச்சு, எல்லாம் போச்சு' என்ற நினைப்பு. இன்று சாயங்காலம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கே, யாரோடு இருந்தபோது? பதிலைக் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் அந்த இடத்துக்குப் போகாமலிருக்க என்ன செய்யலாம் என்று இருவரும் பேசுங்கள். சட்டையை மோந்து பார்ப்பதை நிறுத்துங்கள். ஒளிக்கத் தொடங்கினால் அவர் உங்களிடம் உதவி கேட்க முடியாது.

கேள்வி: எடை கூடுமா?

பதில்: சராசரியாக ஒரு வருடத்தில் நாலைந்து கிலோ. கூடினாலும் விடுவதே லாபம், புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஒரு வருடத்தில் ஏறக்குறையப் பாதியாகிறது.

கேள்வி (ராஜபாளையம், குருசாமி மறுபடியும்): நீங்கள் சொன்னதை யோசித்தேன் அம்மா. இந்த வருடம் என் கூட்டத்தில் புகைப்பழக்கம் உள்ள சாமிமார்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?

பதில்: இருமுடி கட்டும் அன்றே கேளுங்கள் சாமி, திரும்பி வந்த பிறகு வேண்டாம். 'மாலையைக் கழற்றும்போது சிகரெட் விரதத்தையும் முடித்துக்கொள்கிறாயா, அல்லது சிகரெட்டை மலையிலேயே விட்டுவிட்டு வருகிறாயா' என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். ஒப்புக்கொண்டவர்களை மாலை கழற்றிய பிறகும் இரண்டு மூன்று வாரம், பஜனைக்கு வந்த அதே நேரத்தில் கோயிலுக்கு வரச் சொல்லுங்கள். டீக்கடைக்குப் போகும் நேரம் அதில் போய்விடும். 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் கொடுங்கள். சிகரெட் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும், தமிழிலும் பேசுவார்கள். தடுமாறுகிறவர் முதலில் உங்களுக்குத்தான் போன் செய்வார். அப்போது எடுங்கள்.